சீதனப் புல்

மகளின் வாழ்வு சதுர அடி முந்நூற்றைம்பது ரூபாய் என்று முடிவுகட்டினார் செங்கலடிக் குணரெத்தினம். ஒரு தூறலுக்கே சேறாகும் களிமண் முற்றம். சீதன வீட்டைப் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டார் அதில் கால் வைத்தால் சம்பந்தம் வழுக்கிவிடும். பிளாஸ்டிக் புல் விரிக்க ஏறாவூர் இஷாமைக் கூப்பிட்டார்.

“ஐயா, களி தண்ணி குடிக்காது. ஒரு அடி தோண்டிக் கல்லு போட்டு, ரோட்டு வடிகானுக்குக் குழாய் வைக்கணும். அதுக்கு இன்னும் எம்பதாயிரம்.”

“புல்லுக்கு அடியில ஆரு தம்பி குனிஞ்சு பாக்கிற? முன்பக்கத்த மேடாக்கி, தண்ணியப் பின்னுக்கு விடு.”

“பின்னுக்கு ஒரு அறை இரிக்கே?”

“அது கம்பஸ் பொடியன்மாருக்கு வாடகைக்குக் குடுக்கப்போற அறை. நீந்திப் படிக்கட்டும்!”

தேத்தண்ணீர் கொண்டுவந்த மனைவி பூரணம் பின்னறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

வீடு பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் தாய் செருப்பைக் கழற்றிவிட்டுப் புதுப் புல்லில் இரண்டு சுற்று நடந்தாள்.

“பார்க் மாதிரி இரிக்கி அண்ணன், எங்களுக்கு முழுச் சம்மதம். இவ்வளவு வடிவான வீட்டில புள்ளைகள் தனியா இரிக்கட்டும். உங்க ரெண்டு பேருக்கும் பின்னுக்கு அறை இரிக்குதானே?”

கனிந்த சம்பந்தத்தைக் கைவிட மனமில்லாமல் குணரெத்தினம் தலையாட்டினார்.

கலியாணம் முடிந்த கையோடு கார்த்திகை மழை ஒன்பது நாள் விடாமல் பெய்தது. முன்முற்றத்தில் ஒரு சொட்டு நிற்கவில்லை. பின்னறைக் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பூரணம் புருசனுக்குக் கணக்குச் சொன்னாள்.

“கல்லு போடாம மிச்சம் பிடிச்சது எம்பதாயிரம். வாடகை வரவு சைபர். தண்ணி முழங்கால் மட்டத்துக்கு. நீந்தத் தெரியாத பொடியன் ஓராள்.”