பேராசிரியர் அடித்த பல்டி

சனிக்கிழமை மத்தியானம் சபை வாட்ஸ்அப் குரூப்பில் அந்தச் செய்தி வந்து விழுந்தது.

"நாளை முதல் ஆராதனைக்கு வரும் சகோதரிகள் அனைவரும் முக்காடிட்டு வரும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். சத்யராஜ்."

வேறு யார் போட்டிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். சத்யராஜ் அங்கிள், இறையியல் கல்லூரியில் பைபிளில் வரும் பவுலின் கடிதங்களைப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். முக்காடு கொரிந்து பட்டணத்துப் பழக்கம், காஞ்சிபுரத்துப் பெண்களுக்கு அது சட்டமில்லை என்று புத்தகமே எழுதியவர். அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் போன வருஷம் நாங்கள் சபையை நடத்தும் மூப்பர்களோடு மல்லுக்கட்டி, வெறுந்தலையோடு உட்காரும் உரிமையை வாங்கினோம்.

அதற்குள் அந்தோணி மூப்பர் கைகூப்பும் படம் போட்டுவிட்டார். கூடவே ஒரு வரி: "பேராசிரியருக்கும் ஞானம் பிறந்தது. இனி இதுவே சபை ஒழுங்கு ஆகட்டும்."

ஸ்கூட்டியை எடுத்தேன். அங்கிள் வீடு ஒரு பட்டுக்கடைக்கு மேல் மாடி. வாசலில் டூரிஸ்ட் வேன்கள். எங்கேயோ சொருகிவிட்டுப் படியேறினேன்.

"அங்கிள், உங்க போனை யாராச்சும் திருடிட்டாங்களா?"

"இல்லம்மா தீபிகா, நான்தான் போட்டேன். உக்காரு. மோர் குடிக்கிறியா?"

"மோர் வேணாம். காரணம் வேணும்."

"காரணம் சொல்ல முடியாதும்மா."

"புத்தகத்துல ஒரு அதிகாரம் முழுக்கக் காரணம் எழுதினீங்களே, அது தப்பா?"

"தப்பில்ல. அதுல ஒரு எழுத்தும் மாத்த மாட்டேன்."

"அப்ப இது தப்பு."

"இதுவும் தப்பில்ல."

எனக்குத் தலை சுற்றியது. அவரே ஆரம்பித்தார்.

"சிலைக்குப் படைச்ச கறி விஷயத்துல பவுல் என்ன சொன்னாரு?"

"சாப்பிட்டா பாவம் இல்லன்னாரு."

"அப்புறம்?"

"அடுத்தவங்களுக்கு இடறலா இருந்தா நான் தொடவே மாட்டேன்னாரு."

"ரெண்டையும் ஒரே ஆளுதான எழுதினாரு?"

"இங்க யாருக்கு இடறல்? அந்தோணி மூப்பருக்கா? நாங்க காலேஜுக்குப் போறதே அவருக்கு இடறல்தான்."

சிரித்துவிட்டார். "அவருக்காக இல்லம்மா."

"பின்ன?"

எழுந்து போய், வேண்டாம் என்ற மோரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"சரி, எத்தினி நாளைக்கு இந்தக் கூத்து?"

யோசித்தார். "ஒரு நாலு மாசம். முன்ன பின்ன ஆவும்."

"இது என்ன அங்கிள், வேதமா, சீசன் டிக்கெட்டா? நாலு மாசத்துல அவங்க இதைச் சட்டமாக்கிடுவாங்க."

"அப்ப நானும் உங்கூட நின்னு சண்டை போடறேன்."

"அப்ப உங்களை யாரு நம்புவா?"

"நம்ப மாட்டாங்க," என்றார். "அது எனக்குப் புரியாம இல்ல."

புரிந்துகொண்டே ஒருவர் ஏன் தன் பேரைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? வண்டியை வெளியே இழுக்கும்போதும் இதுதான் ஓடியது. ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. நாளைக்கு என் தலைமேல் எதுவும் ஏறாது.

மறுநாள் உள்ளே நுழைந்தால் எங்கே பார்த்தாலும் முக்காடு. போன வருஷம் என்னோடு கத்தியவர்கள்கூட. வெறுந்தலை என்னுடையது மட்டும்தான். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முன்னால் ஆண்கள் பக்கத்தில் யாரோ "பல்டி பேராசிரியர்" என்று முணுமுணுக்க, இரண்டு பேர் சிரித்தார்கள். அங்கிள் காதில் விழாத மாதிரி பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிகிற நேரத்தில் சுகாசினி அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாடகர் குழுவில் இருந்தவள். காதலித்து, இந்துக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் கணவருக்கு விபத்து நடந்ததிலிருந்து அவள் சபைப் பக்கமே வரவில்லை.

அவள் தலையிலும் முக்காடு.

"போன வருஷம் முதல்ல எடுத்ததே நீதானக்கா," என்று கிசுகிசுத்தேன். "இப்ப நீயுமா? நான் ஒருத்தியா உக்காந்துக்கினு இருக்கேன். எடுத்துடு, ரெண்டு பேர் ஆயிடுவோம்."

தலையை ஆட்டினாள். நான் விடவில்லை. புடவைத் தலைப்பைப் பிடித்து விளையாட்டாக இழுத்தேன்.

சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். தலைப்பு விலகிய இடத்தில் முடியே இல்லை. முழு மொட்டை.

"மாமியார் வேண்டுதல்மா," என்றாள் என் காதருகில். "அவரு கண்ணு முழிச்சா நானும் மருமகளும் திருப்பதியில முடி குடுக்கிறோம்னு வேண்டிக்கினாங்க. முழிச்சிட்டாரு. நான் முடியாதுன்னா, எம்புள்ள உசுரு போயிடும்னு அந்தம்மா அழுவுது. குடுத்துட்டு வந்தேன். சரியா தப்பான்னு எனக்கே தெரியல."

"இங்க தெரிஞ்சா?"

"வேற சாமிக்கு முடி குடுத்தவளைத் திருவிருந்துல சேக்க மாட்டாங்க. சபையில இருந்தே பேரை எடுத்துடுவாங்க. முதல்ல எடுத்த நானே திரும்பப் போட்டுக்கினு வந்தா ஏன்னு கேக்க மாட்டாங்களா? இனிமே வரவே மாட்டேன்னு சத்யராஜ் அங்கிள்கிட்ட சொன்னேன். 'நீ வாம்மா, உன்னை யாரும் தனியா பாக்க மாட்டாங்க'ன்னாரு."

அங்கிளைப் பார்த்தேன். அவர் திரும்பவே இல்லை. கோபப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. ஒருத்தியைக் காப்பாற்ற எங்கள் எல்லார் தலையையும் மூடுவது எந்த ஊர் நியாயம்? மூடாமல் இவளை வெளியே நிறுத்துவது மட்டும் எந்த ஊர் நியாயம்?

காணிக்கைப் பையோடு அந்தோணி மூப்பர் எங்கள் பெஞ்சுக்கு வந்தார். என் தலையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"சபையே அடங்கிடிச்சு, நீ ஒருத்திதான் பாக்கி. பக்கத்துல சுகாசினியைப் பாரு. அந்த முக்காட்டுல எவ்ளோ பக்தி தெரியுது. பொண்ணுன்னா இப்படி இருக்கணும்."

கொரிந்து, பவுல், புத்தகம், போன வருஷத்துத் தீர்மானம், எல்லாம் என் நாக்கு நுனியில் வந்து நின்றன. சுகாசினி அக்காவின் விரல்கள் இன்னும் என் மணிக்கட்டில் இருந்தன.

துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "சரிங்க ஐயா, நீங்க சொல்றதுதான் சரி" என்றேன்.