முதல் தீர்மானம்

"வாட்ச்மேனை வேலையை விட்டு அனுப்பறது ரெண்டாவது ஐட்டம். முதல்ல நம்ம அபார்ட்மென்ட்டுக்குப் பேர் வெச்சுடலாம், அஞ்சே நிமிஷம்" என்றார் செக்ரெட்டரி ஹரிஷ்குமார். "அமைதின்னு அர்த்தம் வர்ற மாதிரி இங்கிலீஷ்ல ஒண்ணு. செரீன்?"

உஷா கையில் இருந்த தாளை இன்னொரு முறை படித்தாள். வாட்ச்மேன் முனிகிருஷ்ணனுக்காகப் பேச எழுதியது. நைட் ட்யூட்டியில் அவன் தூங்கியது தப்புதான். ஆனால் ஒற்றை அறை வீட்டில் இரண்டு மாதக் குழந்தை. பகலெல்லாம் அழுது அவனைக் கண் மூட விடுவதில்லை. வேலை போனால் எங்கே போவான்?

காலேஜில் இங்கிலீஷ் நடத்தும் தேசிகன் எழுந்தார். கூட்டம் முனகியது.

"செரீன்னா லத்தீன்ல மேகமில்லாத வானம். கட்டி ஒரு வருஷத்துல ஒழுகுற பில்டிங்குக்கு அந்தப் பேர் வெச்சா மழையே சிரிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். உஷா சிரிக்கவில்லை. மணி ஏழரை. எட்டுக்கு சீரியல், ஒருத்தரும் இருக்கமாட்டார்கள்.

"அப்போ, காம்?" என்றாள் சாந்தகுமாரி.

"ஐயையோ! அதுக்கு மூலம் கிரேக்கம். கொளுத்துற சூடு. வெயில் தாங்காம ஊரே மத்தியானம் சுருண்டு படுத்துடுமே, அந்த அமைதிதான் காம். பெங்களூருக்கு எதுக்கும்மா அக்னி நட்சத்திரம்?"

"சாகு சார், சாகு!" என்று கன்னடத்தில் 'போதும்' போட்டுக் கும்பிட்டார் ஹரிஷ்குமார். "பீஸ்னு வெச்சு முடிச்சுடலாம்."

"பேஷா வைக்கலாம். ஒப்பந்தத்துக்கு இங்கிலீஷ்ல பேக்ட்ம்பாங்களே, அந்தச் சொல்லும் இதுவும் ஒரே வேர். அடிச்சுக்கிட்டவங்க பேசி ஒத்துப்போறது. ஆனா பார்க்கிங் தகராறுல நாம இன்னும் ஒத்துப்போகலையே?"

பார்க்கிங் என்றதுதான் தாமதம். இருபது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இரண்டு பேர் நாற்காலி மேல் ஏறி நின்று பேசினார்கள்.

மணி எட்டு. ஹால் காலி.

"வாட்ச்மேன் மேட்டர் அடுத்த மாசம்!" என்று கத்திக்கொண்டே ஹரிஷ்குமாரும் படியேறி ஓடினார்.

உஷா தேசிகனை மறித்தாள். "உங்க மேதாவித்தனத்தைக் காட்ட இன்னிக்குத்தானா கெடைச்சுது? அவனுக்காக ஒரு வார்த்தை பேச விட்டீங்களா சார்?"

"பேசியிருந்தா ஓட்டுக்கு விட்டிருப்பாங்கம்மா. எண்ணிட்டேன். அந்தப் பக்கம் பதினெட்டு, இந்தப் பக்கம் நீங்களும் நானும்."

தேசிகன் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எனக்கும் ரெண்டு பொறந்து வளர்ந்திருக்கு. மூணு மாசம் ஆனதும் குழந்தை அழுகை அடங்கிடும். அடுத்த மீட்டிங்குக்குள்ள முனிகிருஷ்ணன் பகல்லயே தூங்கி எழுந்துடுவான்."