நாலாயிரத்தில் நின்ற முள்

“வெளிய வாங்க டாக்டர்! பல்லை அப்புறம் பிடுங்கலாம். மொதல்ல என்கிட்ட பிடுங்கினதுக்குப் பதில் சொல்லுங்க!”

நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தவர் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டார். பல் டாக்டர் கையுறையைக் கழற்றியபடி வெளியே வந்தார். வாசலில் அவருடைய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. பக்கத்திலேயே, முகமும் அதே சிவப்பாக, போன மாதம் அதை வாங்கிய ஃபர்னிச்சர் கடைக்காரர்.

“என்ன சார் ஆச்சு?”

“என்ன ஆச்சா? அன்னைக்கு என்னை உட்கார வெச்சு ஓட்டிக் காட்டினீங்களே, இன்ஜின் சுத்துறதைக் காட்டுற முள்ளு எட்டாயிரத்தைத் தொட்டுச்சு. இன்ஜின் கத்தின கத்துல எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. இப்ப நாலாயிரத்துக்கு மேல ஒரு நூல் ஏற மாட்டேங்குது. ‘எல்’ போர்டு மாட்டின டிரைவிங் ஸ்கூல் வண்டி ஹாரன் அடிச்சு என்னை ஒதுங்கச் சொல்லுது டாக்டர்!”

அவர் சொன்னதில் பொய் இல்லை. இருபது வயதிலிருந்து நெஞ்சுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்த கார் அது. கட்டிலும் பீரோவும் விற்று, பிள்ளைகளைக் கரையேற்றி, நடுவில் பைக்கோடு போய் விழுந்து காலில் கம்பி வைத்து எழுந்து, ஐம்பதில்தான் கைக்கு வந்தது. கிணற்றுக்குள் இறங்குவது போல இறங்கி உட்கார வேண்டும். கம்பி வைத்த கால் கெஞ்சும். அதையும் பொறுத்துக்கொண்டார். ஆனால் வீட்டுக்கு ஓட்டி வந்த முதல் நாள் பறந்த கார், மறுநாளிலிருந்து எருமை நடை. மெக்கானிக் பிளக்கை மாற்றினார், ஃபில்டரை மாற்றினார், கடைசியில் “இன்ஜின்ல ஒரு குறையும் இல்ல சார்” என்று கையை விரித்துவிட்டார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. கார் வந்த அன்று மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “இது எவ்வளவு வேகம் போகும்?” அவர் பெருமையாகச் சொன்னார். அவள் முகம் சுண்டிப் போனது. அதற்கப்புறம் காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் வாய் பேசாததையெல்லாம் சமையலறைக் கதவு பேசியது. மறுநாள் காலையிலிருந்து படார், படார் என்று ஓயாமல் அறை. ஒவ்வொரு படாருக்கும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் இருந்தால் நேரில் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! அவரும் முறுக்கிக்கொண்டு ஏனென்று கேட்கவில்லை.

இன்று மட்டும் அவளாகவே “நானும் வரேன்” என்று ஏறி உட்கார்ந்தாள். தன் மூக்கு உடைவதைக் கண்ணால் பார்க்கத்தான் வருகிறாள் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

“ஓட்டத் தெரியணும் சார்.” டாக்டருக்கும் சூடு ஏறியது. “இது கட்டில் ஏத்துற வண்டி இல்ல. நல்லா மிதிக்கணும்.”

“கால் முட்டுற வரைக்கும் மிதிக்கிறேன்யா! ஒரு நாள் தாங்குற மாதிரி ஏதோ வேலை பண்ணி என் தலையில கட்டிட்டீங்க. பல்லு பிடுங்குற கை, புத்தி எங்க போகும்?”

காருக்குள்ளிருந்து மனைவி தலையை நீட்டினாள். “என்னங்க, அவரை ஏன் திட்டுறீங்க? பாவம், அவர் என்ன பண்ணுவார்? வண்டி ஓடுதுல்ல, அது போதும். வாங்க போகலாம்.”

“நீ சும்மா இரு! கட்டின புருஷன் ஏமாந்து நிக்கிறேன், நீ ஊரானுக்குப் பரிஞ்சு பேசுற!”

“அப்ப திருப்பிக் குடுத்திடுங்க. அதுவும் நல்லதுதான்.”

அவருக்குக் கோபத்தோடு அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. “கேட்டீங்களா டாக்டர்? இதுக்குத்தான் இவ காத்துட்டிருந்தா. எடுத்துக்கோங்க உங்க வண்டியை!” சாவியை பானெட்டின் மேல் விட்டெறிந்தார்.

டாக்டர் சாவியை எடுத்தார். “இருங்க. நானே ஓட்டிப் பாக்கிறேன்.”

“வேண்டாம் டாக்டர்,” என்றாள் அவள் அவசரமாக. “உள்ள ஒருத்தர் காத்துட்டிருக்கார்ல.”

டாக்டர் காதில் வாங்காமல் ஏறி, அவளையும் வைத்துக்கொண்டே தெருமுனை வரை போய்த் திரும்பினார். முகத்தில் ஈயாடவில்லை. நின்ற இடத்திலேயே பெடலை மறுபடி மறுபடி மிதித்துப் பார்த்தார்.

“கால் ரொம்ப சீக்கிரம் முட்டுதே...”

இறங்கிக் குனிந்து, நோயாளி வாய்க்குள் அடிக்கும் சின்ன டார்ச்சை அடித்தார். தரை விரிப்பைத் தூக்கி, ஆக்ஸிலரேட்டருக்கு அடியில் கையை விட்டு, கடைவாய்ப் பல்லை எடுப்பது போல எதையோ ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். சரிவாகச் செதுக்கிய ஒரு மரக்கட்டை.

“பிடிச்சேன் பாருங்க திருட்டை!” கடைக்காரர் குதித்தார். “கட்டையை வெச்சு வித்திருக்கீங்க!”

“விக்கிற வண்டி வேகமா ஓடக் கூடாதுன்னு எவனாவது கட்டை வைப்பானா?” டாக்டர் அதை அவர் கையில் திணித்தார். “நல்லாப் பாருங்க சார். இது எங்க வீட்டுக் கட்டை இல்ல.”

அவர் பார்த்தார். கடையில் மிஞ்சிய துண்டில் அவர் கையாலேயே செதுக்கியது. வழுக்காமல் இருக்க, அடியில் தன் பழைய செருப்பின் ரப்பரை வெட்டி ஆணி அடித்ததும் அவரேதான்.

நிமிர்ந்தார். மனைவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பி வைத்த அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சமையலறைக் கதவுக்குக் கீழே எப்போதும் முட்டுக்கொடுத்துக் கிடக்கும் கட்டை அது. இத்தனை நாளும் அந்தக் கதவைப் படார் படாரென்று அறைந்தது அவள் இல்லை, காற்று.