பதினெட்டாவது பெயர்

அந்தக் கடற்கரை ஊரின் தபால் நிலையத்துக்கு வரலாறு என்று ஏதாவது உண்டென்றால், அது சுவரில் தொங்கும் பலகைதான். பதினேழு போஸ்ட்மாஸ்டர்கள்; பெயர், வந்த தேதி, போன தேதி. ஒருவர் தராசை உடைத்தார், ஒருவர் பூனை வளர்த்தார். மற்றவர்கள் அந்த அளவுக்குக்கூட ஒன்றும் செய்யவில்லை. பதினெட்டாமவரான சபாநாயகம், சேர்ந்த மறுநாளே தன் பெயரை எழுத பெயிண்டர் மரியசூசையை வரவழைத்தார். அடிவரியில்தான் இடம் இருந்தது. குனிய முடியாத மரியசூசை முதன்முறையாகப் பலகையைக் கழற்றினார். பின்னால், சுவருக்குள் பதித்த பழைய தபால்பெட்டியின் கதவு இருந்தது. எவனோ ஒரு மகராசன் தன் பெயர் நடுச்சுவரில் தெரியவேண்டுமென்று அதன்மேலேயே பலகையை அடித்திருக்கிறான். தெருப்பக்கம் கடிதம் போடும் துவாரத்தை அடைக்க எவனுக்கும் தோன்றவில்லை. கதவைத் திறந்ததும் கடிதங்கள் சரிந்தன. ஒன்றில் மரியசூசையின் உருண்டை எழுத்து. அப்பா சாகக் கிடக்கிறார், உடனே வா என்று அண்ணனுக்கு எழுதியது. அண்ணன் வரவில்லை என்று பத்தொன்பது வருடமாக அவரோடு பேச்சில்லை.

“சார், இது நான் போட்ட லெட்டரு.”

“இனிமே அத வச்சு என்னவே செய்யப் போறீரு? எல்லாத்தையும் உள்ள தள்ளிட்டு சோலியப் பாரும். சாயங்காலம் மேலதிகாரி வாராரு, பேரு பளிச்சுன்னு தெரியணும்.”

மரியசூசை தன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சபாநாயகத்தின் பெயரையும் வந்த தேதியையும் அழகாக எழுதினார்.

“இன்னைக்கு என்ன தேதி சார்?”

சபாநாயகம் நிமிராமலே சொன்னார். மரியசூசை அதைப் போன தேதிக்கான கட்டத்தில் எழுதினார்.