உள்ளான் முட்டையைத் தின்றது யார்?

“அப்போ எங்களைத் திருடங்கன்னு சொல்றீங்க. அப்படித்தானே டாக்டரம்மா?”

உலாயுக் எழுந்து நின்று கேட்டதும் அந்தத் துருவத்து ஊரின் கூடத்தில் தேநீர் உறிஞ்சும் சத்தம் நின்றுபோனது.

“திருடங்கன்னு நான் சொல்லலை,” என்றாள் ஜோஸ்லின். உள்ளான் போலத் தரையில் கூடு கட்டும் சின்னப் பறவைகளின் முட்டைகளில் நரியின் வாய்க்குப் போகிறவை எத்தனை என்று கணக்கெடுக்க, கோடை முழுவதும் எதிர்த் தீவில் கூடாரம் போட்டிருந்த ஆராய்ச்சிக்காரி அவள். “ஒவ்வொரு உள்ளான் கூட்டுக்கும் பக்கத்துல ஒரு குச்சி நட்டோம். கொஞ்ச நாள் கழிச்சுப் போய்ப் பார்த்தா, அத்தனை குச்சிப் பக்கத்துலயும் குழி காலி. முட்டை எதுவும் இல்லை.”

“நரி தின்னிருக்கும்!”

“குச்சி நட்டு ரெண்டு நாள் கழிச்சு மேட்டுல கேமராவும் வெச்சோம். நரி வந்துச்சு. குச்சி குச்சியா மோந்து பார்த்துச்சு. வெறும் வாயோட திரும்பிப் போச்சு. அதுக்கு முன்னாடியே யாரோ எடுத்திருக்காங்க.”

“யாரோன்னா யாரு? அந்தத் தீவுக்குப் போறது இந்த ஊர்க்காரங்கதான். சுத்தி வளைக்காம சொல்லுங்களேன்!”

ஜோஸ்லின் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். “அடுத்த வருஷத்துல இருந்து தீவுல யாரும் எந்த முட்டையும் எடுக்கக் கூடாதுன்னுதான் எழுதப் போறேன். எனக்கு வேற வழி தெரியலை. நாளைக்கு விமானத்துல அறிக்கை போகுது.”

கூடம் கொதித்தது. ஜூன் மாதத்தில் காட்டு வாத்து முட்டை பொறுக்கப் போவது அந்த ஊருக்குத் திருவிழா. குளிர்காலம் முழுக்க உறைந்த இறைச்சியையே கடித்த நாக்குக்கு முதல் புதுச் சுவை அதுதான். அதைப் பிடுங்க இவள் யார்? உலாயுக்குக்குக் காது மடலெல்லாம் சிவந்துவிட்டது.

“உள்ளான் முட்டையைப் பார்த்திருக்கீங்களா, இல்லையா? என் கட்டைவிரல் அளவு வருமா அது? அதைக் குனிஞ்சு எடுக்கற முதுகுவலிக்காவது கட்டுப்படியாகுமா? நாங்க எடுக்கறது வாத்து முட்டை. அதையும் கூட்டோட வழிச்சு எடுக்கறதில்ல, குஞ்சுக்குன்னு விட்டுட்டுத்தான் எடுப்போம்!”

பின்வரிசையில் சிரித்தார்கள். வேட்டைக்காரர் சங்கத் தலைவர் சிமியோனி கையமர்த்தினார். “உலாயுக், உட்காரும்மா. பேசிக்கலாம்.”

“உட்கார மாட்டேண்ணே. நாளைக்கு என் வீட்டு வாசல்ல சட்டம் வந்து நிக்கும், அப்போ உட்கார்றேன்.”

அவளுடைய அங்கியின் ஓரத்தை யாரோ இழுத்தார்கள். அவள் கணவன் கில்லாக். அவள் அதைத் தட்டிவிட்டு அவனையே ஊருக்குக் காட்டினாள்.

“இதோ, என் புருஷன்! கோடை பூரா துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு, வெள்ளைக்கரடி உங்களைக் கடிக்காம காவல் இருந்தவன். அந்தக் குச்சிங்களை உங்களோட சேர்ந்து நட்டவன். இவனைக் கேளுங்க. எழுந்து சொல்லுய்யா! நம்ம ஊர்ல யாராவது அந்த முட்டையைத் தொட்டாங்களா?”

கில்லாக் பாதி எழுந்தான். “தொடலை,” என்று தன் காலணிகளிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான். மறுபடி அங்கியின் ஓரத்தை இழுத்தான்.

“கேட்டுக்குங்க! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

“அவர் நல்லவர்தான். ஆனா ராத்திரியெல்லாம் தூங்காம அவரால காவல் காக்க முடியாதே,” என்றாள் ஜோஸ்லின் தணிவாக. “யார்னு தெரிஞ்சா சொல்லுங்க. ஊரையே தடுக்க வேண்டியிருக்காது.”

“தெரிஞ்சா சொல்றதா? காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உங்க காலடியில போடறேன். அவன் யாரா இருந்தாலும் சரி!” என்று ஊர் கேட்கச் சத்தியம் செய்துவிட்டு, உலாயுக் விறுவிறுவென்று வெளியே வந்தாள். கில்லாக் பின்னாலேயே ஓடி வந்தான்.

வண்டியருகில் வந்ததும், உள்ளே மிச்சம் வைத்திருந்த கோபமெல்லாம் அவன் மேல் இறங்கியது.

“நீயெல்லாம் ஒரு ஆம்பளையா? ஊருக்கே திருட்டுப் பட்டம் கட்டறா, நீ அங்கியைப் பிடிச்சு இழுக்கற! சத்தமா ரெண்டு வார்த்தை பேசுன்னா காலணியைப் பார்க்கற! கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் சொன்னது ஒண்ணையாவது காதுல வாங்கியிருக்கியா நீ?”

“ஒரே ஒரு தடவை வாங்கினேன்,” என்றான் கில்லாக். “அதான் இப்ப ஊருக்கே வம்பாயிடுச்சு.”

“என்னய்யா உளர்ற?”

“‘நரிக்கு வழிகாட்டற மாதிரி குச்சி நட்டு வெச்சிருக்கீங்களே, பாவம் அந்தக் குருவிங்க, பிடுங்கி வேற எங்கயாவது நடுய்யா’ன்னு வீட்டுக்கு வந்தப்போ என் உசிரை எடுத்தியே. கேமரா வைக்கறதுக்கு முன்னாடியே, அந்தம்மா தூங்கினப்போ எல்லாக் குச்சியையும் பிடுங்கி, தள்ளிப்போய் வெறுங்குழியாப் பார்த்து நட்டுட்டேன். அவங்க பார்த்ததெல்லாம் அந்தக் குழிங்கதான் உலாயுக். முட்டை அத்தனையும் பொரிஞ்சு, குஞ்சுங்க நடந்தே போயிடுச்சு.”