இரண்டாவதாக வந்தவள்

"பவுலினா செத்துப் போயி ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள் ராஜாத்தி. முறத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. கேழ்வரகு ஒரு பக்கமும் தூசி ஒரு பக்கமுமாகப் பிரிந்துகொண்டிருந்தன.

வாசலில் நின்ற ஜேம்ஸ் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். பெங்களூரிலிருந்து ஓசூர் வந்து, அங்கே பஸ் மாறிப் பாகலூரில் இறங்கி, கங்கப்பன் வீடு எது என்று நாலு பேரிடம் விசாரித்து வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். இரண்டு கண்களிலும் புரை விழுந்திருந்தது.

"நீ யாரு தாயி?"

"அவருக்கு ரெண்டாவதா வந்தவ. பொறந்ததும் இதே தெருதான்."

"கங்கப்பன் இல்லையா?"

"கொள்ளு அறுப்புக்குப் போயிருக்காரு. பொழுது சாஞ்சுதான் வருவாரு."

ஜேம்ஸ் வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தார். பெங்களூரில் மர மில் வைத்திருக்கும் யேசுராஜ் வீட்டில் முப்பது வருஷமாகச் சமையல் வேலை பார்ப்பவர் அவர். முதலாளியின் ஒரே மகள் பவுலினா. மில்லில் மரம் அறுக்க வந்த கங்கப்பனோடு அறுபத்து மூன்றாம் வருஷம் அவள் வீட்டை விட்டுப் போய்விட்டாள்.

"மறு நாளே எங்க ஐயா, என் மக செத்துட்டான்னு மாதா கோயில்ல பூசை வெச்சிட்டாரு. ஆறு வருஷம் கழிச்சு இப்பத் தேடிக் கூட்டிட்டு வரச் சொல்றாரு."

"எதுக்காம்?"

"எட்டு ரூமு இருக்கிற வீடு. பார்த்துக்க ஆளில்ல. அம்மாவும் போன அக்டோபர்ல போய்ச் சேர்ந்துட்டாங்க."

ராஜாத்தி முறத்தைக் கீழே வைத்தாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. மோர் கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவள் திரும்பி வரச் சற்று நேரமாயிற்று. டம்ளரை அவருடைய இடது கைக்கு எட்டும்படி வைத்தாள். சின்ன வயதிலிருந்தே எல்லாவற்றுக்கும் இடது கைதான் அவருக்கு; அந்தக் கையாலேயே எடுத்துக் குடித்தார்.

"கஷ்டப்படாமப் போனாங்களா, அந்த அம்மா?"

"தூக்கத்துலயே போயிட்டாங்க."

"சரி" என்றாள் ராஜாத்தி. மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டாள். கை தன் போக்கில் புடைக்க ஆரம்பித்தது.

பிறகு அவளே கேட்டாள். "பவுலினா உயிரோட இருந்திருந்தா என்ன பண்றதா இருந்தாரு உங்க ஐயா?"

"வர்ற ஞாயித்துக்கிழமை அவரே கார்ல வர்றதா இருந்தாரு. கூட நாலு ஆளுங்க. கங்கப்பனுக்கு எதையாவது குடுத்து ஒதுக்கிடலாம், ஒத்துக்கலைன்னா வேற வழி பார்த்துக்கலாம்னாரு." ஜேம்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சொன்னா செய்யறவரு தாயி."

ராஜாத்தி முறத்தில் கிடந்த உமியை ஊதித் தள்ளினாள்.

"எங்க பாப்பாவுக்கு என்ன வந்துச்சு?"

"காய்ச்சல். மூணு நாள்." சந்தை விலை சொல்வதுபோல இருந்தது அவள் குரல்.

"எங்க புதைச்சீங்க? ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டுப் போறேன்."

"புதைக்கல. எரிச்சு, சாம்பலைப் பெண்ணையாத்துல விட்டாச்சு. இங்க வாக்கப்பட்டு வந்த பிற்பாடு எங்க வழக்கம்தானே."

ஜேம்ஸ் கதவு வழியாக உள்ளே பார்த்தார். ஒரே அறை. ஓர் அடுப்பு, இரண்டு பானை, கொடியில் ஒரு வேட்டி, ஒரு புடவை. எல்லாம் அவருக்குப் புகைக்குள் இருப்பதுபோல மங்கலாகத் தெரிந்தன.

"அந்தப் புள்ளைக்கு அடுப்புப் பத்த வெக்கக்கூடத் தெரியாது. தண்ணி வேணும்னாலும் நான்தான் மோந்து குடுக்கணும். இங்க வந்து என்ன பாடு பட்டுச்சோ."

"கத்துக்கிட்டா. மொதல்ல களி கட்டி கட்டியா வரும். அவரு ஒண்ணும் சொல்லாமத் தின்னுட்டுப் போவாரு. ஒரு வருஷத்துல சரியா வந்துடுச்சு." ராஜாத்தி கல் ஒன்றைப் பொறுக்கி எறிந்தாள். "காலைல கிணத்துல தண்ணி சேந்துவா. வாசல் மெழுகுவா. மத்தியானம் கொல்லைக்குச் சோறு எடுத்துட்டுப் போயி, அவரு தின்னு முடிக்கிற வரைக்கும் வரப்புல உக்காந்திருப்பா. சாயந்திரம் கோழியை அடைச்சு, அடுப்புப் பத்த வெச்சா அன்னிக்குப் பொழுது முடிஞ்சுது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

ஜேம்ஸ் காலி டம்ளரை விரலால் நகர்த்தி வைத்தார். "உண்மையைச் சொல்லு தாயி. இந்த வீட்ல அது நிம்மதியா இருந்துச்சா?"

முறம் நின்றது. அவர் வந்ததிலிருந்து முதல் தடவையாக ராஜாத்தி அவரை நேராகப் பார்த்தாள்.

"அவளுக்கு இது போதுமா இருந்துச்சு" என்றாள்.

ஜேம்ஸ் தலையை ஆட்டிக்கொண்டார். சுவரைப் பிடித்து எழுந்து, குடையைத் துழாவி எடுத்தார்.

"மூணு மணிக்கு ஓசூர் பஸ்ஸு இருக்கு. பார்த்துப் போங்க பெரியவரே."

அவர் தெருவில் இறங்கிப் பத்தடி நடந்தார். பிறகு நின்று, திரும்பி வந்து, கையை நீட்டி அவள் தலையில் வைத்தார்.

"நீ செத்துப் போனதாவே அப்பாகிட்ட சொல்லிடறேன், பாப்பா."