வியாழனுக்குப் போன கருங்குழிக்காரி

மாமல்லபுரம் விடுதி அரங்கின் கண்ணாடிச் சுவர் வழியே கடலின் காலை வெயில் பாய்ந்து, மேடையில் நிற்கும் எழுத்தாளர் ஜெபாவின் பொன்னாடைச் சரிகையில் மினுங்குகிறது. சிறார் அறிவியல் புனைகதை விருதை வழங்க வந்த சிறப்பு விருந்தினர் மைக்கில் உருகுகிறார்: "சேரியின் வலியைக் கண்ணீரோடு சொல்லும் நாவல்." கைத்தட்டல் அலையிரைச்சலை அமுக்குகிறது. ஜெபாவுக்குச் சுருக்கென்கிறது. அவள் எழுதியது வியாழனுக்கு ராக்கெட் ஓட்டும் கருங்குழி என்னும் ஊர்ச் சிறுமியின் கதை. அதில் ஒருத்தரும் அழவில்லை. பின்னட்டையில் அவள் பேரையும் கருங்குழிச் சேரி என்ற முகவரியையும் பார்த்ததோடு சரி, இந்த மனிதர் உள்ளே ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. அவர் கேடயத்தை நீட்டுகிறார். ஜெபா அதைத் தொடாமல் மைக்கை வாங்கிக்கொள்கிறாள். முன்வரிசையில் அட்டை மடங்கிய அதே புத்தகத்தை மடியில் வைத்திருக்கும் தன் தெருச் சிறுமியிடம் கேட்கிறாள்: "அர்வா, இது இன்னா கதை?" அர்வா எழுந்து நிற்கிறாள். "ராக்கெட்டு கதைக்கா. பிரேக்கு புடிக்காம வியாழன சுத்திகினே இருக்கும். கேப்டன் பொண்ணு பயப்படவே மாட்டா. செமயா கீது." பிள்ளைகள் விசிலடிக்கிறார்கள். விருந்தினர் கேடயத்தை மறுபடி நீட்டுகிறார். "அது உங்க கையிலயே இருக்கட்டும் சார். படிச்சிட்டு குடுங்க, வெயிட் பண்றேன்" என்கிறாள் ஜெபா. அர்வா தன் புத்தகத்தை மேடையிலிருக்கும் விருந்தினரிடம் நீட்டுகிறாள். ஜெபா, விருந்தினருக்கென்று போட்ட நடு நாற்காலியில் போய், கால்மேல் கால் போட்டு உட்கார்கிறாள்.